ஒண்ணுமில்லை அத்தான்!

என் மைத்துனன் ஓட்டிவந்த கார், விழுப்புரம் தாண்டி, நின்றிருந்த லாரியின் முதுகில் மோதியது. பெல்ட் போடவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருக்கிறது. ஆனால் அவனே கதவைத் திறந்து இறங்கி, எனக்குப் போன் செய்து, "ஒண்ணுமில்லை அத்தான், நெஞ்சு லேசா வலிக்குது" என்றான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காபி கேட்டுக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்பட்டேன். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்கு நடுவுல இந்த நிழல் அகலமா இருக்கு சார். சி.டி. ஸ்கேன் எடுக்காம அனுப்ப மாட்டேன்" என்றார். பில்லை ஏற்றும் வித்தை என்று மனசுக்குள் திட்டினேன்.

ஸ்கேனில் தெரிந்தது, மகாதமனியில் கிழிசல்!

இதயத்திலிருந்து புறப்படும் இந்தப் பெரிய ரத்தக் குழாய், மேலே போய் வளைந்து முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவு கொஞ்சம் ஆடும். இறங்கும் பகுதி ஆடாது. வேகமாகப் போகும் கார் சட்டென்று நிற்கும்போது, இரண்டும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறது. குழாயின் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளே இருப்பவை கிழிந்து, வெளி அடுக்கு மட்டும் தாக்குப்பிடித்தால் ஆள் பிழைத்திருப்பார். டயர் கிழிந்து டியூப் புடைத்து நிற்குமே, அந்த மாதிரி. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

குதிரையிலிருந்து விழுந்தவருக்கு இப்படி ஆனதை வெசாலியஸ் 1557-லேயே எழுதியிருக்கிறார். 1958-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், இந்தக் காயம் பட்டவர்களில் 100-க்கு 85 பேர் போல ஆஸ்பத்திரி வாசலையே பார்க்கவில்லை.

டாக்டர் முதலில் செய்தது, டிரிப்ஸில் மருந்து ஏற்றி மைத்துனனின் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறைத்தது. அடிபட்டவனுக்கு பி.பி.யைக் குறைப்பார்களா என்று பதறினேன். "உள்ளே ரத்தம் வேகமா இடிக்கக் கூடாது சார்."

முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்துதான் தைக்க வேண்டும். அதில் இரண்டு காலும் விளங்காமல் போகும் அபாயமும் உண்டு. 1987-ல் கார்கிவ் நகரத்தில் வோலோதோஸ் என்ற சர்ஜன், விபத்தில் சேதமான மகாதமனியைத் தொடைவழியாகவே சரிசெய்தார். மைத்துனனுக்கும் அதே வழிதான். மறுநாள், தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, துணி சுற்றிய உலோகக் குழல் ஒன்றை உள்ளே அனுப்பி, கிழிந்த இடத்தில் விரித்துவிட்டார்கள். ஒட்டுப்போட்ட மாதிரி. ஆயுசுக்கும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

பெரிய மோதலுக்குப் பிறகு ஒருவர் எழுந்து நடக்கிறார் என்பது நல்ல செய்திதான். ஆனால் சர்டிஃபிகேட் அல்ல. நெஞ்சுவலியோ முதுகுவலியோ இருந்தால் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், பெல்ட்டைப் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெண்ணைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். திட்டியதைச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.