வினாத்தாள்

வினாத்தாள் எழுதுவது என் தொழில். பட்டம் பெற்றுப் பள்ளியிலே சேர்ந்த நான்காண்டுகளில் எத்தனையோ எழுதிவிட்டேன். எழுதினேன், அச்சிட்டேன், மறந்தேன். ஆனால், சென்ற மாதம் ஓர் அம்மையாருக்கு எழுதித் தந்த நான்கு வரி வினா இருக்கிறதே, அது மட்டும் இன்னும் என்னை உறங்கவிடவில்லை!

இராணிப்பேட்டையைச் சுற்றிலும், பாலாற்றின் இருமருங்கும், தோல் தொழிலால் வாழ்வதும் அதனாலேயே வாடுவதுமான ஊர்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றின் நகரமன்றம் அது. ஊர்ப்பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் வினா மறைந்துவிடும், வீண்வம்பு முளைத்துவிடும்! அம்மன்றத்திலே முதல்முறையாக உறுப்பினராகியிருக்கிறார் என் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருக்கும் அக்கா. ஷூ கம்பெனியிலே தையல் எந்திரத்தின் முன் பதினோராண்டுகள் குனிந்திருந்தவர். உள்ளாட்சியிலே மகளிர்க்குச் சரிபாதி என்று 2016-இல் வந்த சட்டம் அவரை நிமிர்த்தியது. வார்டு அவரை வெற்றி பெறச் செய்தது.

ஒருநாள் மாலை வந்தார். கையிலே பழைய நோட்டுப்புத்தகம்.

"தம்பி, நாலு வரி எழுதிக் கொடு. எனக்குக் கேட்கத் தெரியும்; எழுதத்தான் வராது."

எழுதினேன். பெண்கள் பள்ளியின் பின்புறம் ஓடும் கால்வாய், ஈராண்டிலே இருமுறை தூர்வாரப்பட்டதாகக் கணக்கிலே இருக்கிறது. தூர்வாரிய நாள் எது? அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது? தொகை பெற்றவர் எவர்? அள்ளியிருந்தால், வகுப்பிலே பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருப்பது ஏன்?

சாக்கடைக்கு இத்தனை சங்கடமா என்று வெளியூர் அன்பர் எண்ணக்கூடும். எங்கள் பக்கத்திலே கழிவுநீர் வெறும் கழிவுநீர் அன்று. 2015 சனவரி 31-ஆம் நாள், இராணிப்பேட்டையிலே தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றுத்தொட்டி உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் விழிக்கவேயில்லை. குரோமியக் கழிவை மலையெனக் குவித்துவிட்டு 1995-லேயே மூடிப்போன ஆலையையும் அறிந்தவர்கள் நாங்கள். கேட்கவேண்டிய நாளிலே கேட்காததன் விலை எங்கள் கிணற்று நீரிலே மிதக்கிறது.

வினாவை எழுதித் தந்தேனே, அத்துடன் இன்னொன்றும் சொன்னேன் அக்காவிடம்.

"நான் எழுதியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மன்றம் கூடிய நாளன்று பார்வையாளர் வரிசையிலே, கடைசி நாற்காலியிலே, ஒளிந்தாற்போல் அமர்ந்திருந்தேன். பொருள்கள் எழுபதுக்குமேல். படித்தனர் என்று சொல்வது பாவம், எண்களை உச்சரித்தனர். ஒன்று முதல் இருபது வரை — நிறைவேறியது! இருபத்தொன்று முதல் — நிறைவேறியது! மேசைகள் தட்டப்பட்டன, தேநீர் வந்தது. என் வகுப்பிலே வாய்பாடு ஒப்பிக்கும் சிறுவன்கூட நடுவே ஒருமுறை மூச்சு விடுவான். இங்கே அதுவும் இல்லை.

அக்கா எழுந்தார். வினாவைச் சொன்னார். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. முன்வரிசையிலே எவரோ சிரித்தார். "புதிதாக வந்தவர், போகப்போகப் பழகிவிடும்" என்றார் மற்றொருவர். அவரும் அக்காவின் கட்சியைச் சேர்ந்தவர்தாம். "எழுத்து மூலம் விடை தரப்படும்" என்றது தலைமை. அடுத்த பொருளுக்குப் போயினர்.

அன்றிரவு எனக்கு நினைவு வந்தது காஞ்சி. அண்ணா பிறந்த ஊர். இளமையிலே அவர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த ஊர். அது மாநகராட்சியாகி, 2022-இலே வார்டு உறுப்பினர்கள் கூடி மகாலட்சுமி யுவராஜை முதல் மேயராக்கினர். ஈராண்டு கழிந்ததும் உறுப்பினர் பலர் அவர்மீது குறை கூறினர். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கேட்டுக் கையெழுத்திட்டனர். 2024 சூலை 29-ஆம் நாள் குறிக்கப்பட்டது. நாள் வந்தது, கையெழுத்திட்டோர் வரவில்லை. தீர்மானம் தோற்றது. அதே ஆண்டு சனவரி 12-இல் நெல்லையிலும் இதே கதை. அங்கேயும் மேயர்மீது தீர்மானம். அங்கேயும் வெற்று நாற்காலிகள். நெல்லை மேயர் சூலையிலே பதவி விலகினார். அதுவும் அவையிலே வினா எழுந்து, விடை கேட்டு, அதன்பின் நிகழ்ந்த விலகல் அன்று. மேயர்மீது சொல்லப்பட்ட குறை மெய்யாயின், மக்கள் அதை அறிந்திருக்கவேண்டும். பொய்யாயின், மேயர் அதை அவையிலேயே பொடிப்பொடியாக்கியிருக்கவேண்டும். இரண்டும் இல்லை. பேசவேண்டியவை வெளியிலே பேசி முடிக்கப்பட்டன.

கோழைகள் என்று ஏசத் தோன்றிற்று. ஏசுவதற்குமுன் "நான் எழுதியது என்று சொல்லாதீர்கள்" என்ற என் குரல் காதிலே விழுந்தது. அவர்களாவது கையெழுத்திட்டார்கள்!

கடல் கடந்த இலண்டனிலே, 2000-ஆம் ஆண்டு முதல், மேயரையும் மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அவரை வினவுவதற்கென 25 உறுப்பினர் கொண்ட அவையையும் தேர்ந்தெடுக்கின்றனர். ஆண்டிலே பத்துமுறை மேயர் அவர்கள்முன் வரவேண்டும். நேரில் விடை கிட்டாத வினாவுக்கு எழுத்திலே விடை. அது எவரும் படிக்க வெளியிடப்படும். தேம்ஸ் ஆற்றின்மீது பூங்காப் பாலம் கட்டப்போவதாகத் திட்டம் ஒன்று எழுந்தது, போரிஸ் ஜான்சன் மேயராயிருந்த காலத்தில். 2017-இல் அது கைவிடப்பட்டது. பாலம் எழவில்லை, பொதுப்பணம் 4 கோடியே 30 இலட்சம் பவுண்டு கரைந்தது. ஜான்சன் அதற்குள் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர்! இருந்தும், 2018 மார்ச்சிலே அவையின் குழுமுன் வந்து அமர்ந்து விடை சொல்ல நேர்ந்தது. சொன்ன விடை கேட்டவர்களுக்கு நிறைவு தரவில்லை. போன பணமும் மீளவில்லை. அந்நாட்டார் அனைவரும் அறநெறியாளர் என்று நான் மயங்கவில்லை. ஆனால், முன்னாள் மேயரைப் பார்த்து "எங்கே போயிற்று பணம்?" என்று கேட்க அங்கே ஒரு நாற்காலி இருந்தது, அதிலே ஆளும் இருந்தார்.

இன்னொன்று கவனியுங்கள். இலண்டன் மேயரை அந்த 25 பேர் ஆக்கவில்லை. நம் மாநகராட்சிகளிலோ, 2022-இல் மேயரை ஆக்கியவர்களே உறுப்பினர்கள். ஆக்கிய கை, கேட்பதற்கு மட்டும் ஏனோ உயர்வதில்லை!

நம்மவர்க்கும் பழைய பாடம் உண்டு. இல்லாத தொழிலாளர் பெயரிலே கூலி எழுதிய மஸ்டர் ரோல் ஊழல் வெடித்து, சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-இல். 23 ஆண்டுகள், தலைநகரத்தின் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் குடிநீருக்கும் எழுந்து கேட்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை! தவறு செய்தோரைத் தண்டிக்கப் புகுந்து, கேட்கும் உரிமையையே அல்லவா கால் நூற்றாண்டு பூட்டிவைத்தனர்? இல்லாத தொழிலாளிக்குக் கூலி அன்று. அள்ளாத மண்ணுக்குத் தொகையா இன்று? அதைத்தான் அக்கா கேட்டார்.

ஒரு மாதம் ஆயிற்று. எழுத்து மூலம் வரவேண்டிய விடை வரவில்லை. நேற்று மாலை அக்கா மறுபடி வந்தார், அதே நோட்டுடன்.

"அடுத்த மீட்டிங் பதினேழாம் தேதி, தம்பி. அதையே திருப்பி எழுது. போன மாசம் கேட்டேன், பதில் வரலைன்னும் சேர்த்துக்கோ."

எழுதினேன். கீழே, எழுத உதவியவர் என்று என் பெயரையும் எழுதினேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். பிறகு அவரே, "சரி, இருக்கட்டும்" என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.