பதினொருவரில் ஓர் இடம்

23 மார்ச் 2025, ஞாயிறு

பாலத்தடியில் வலையைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது ஐபிஎல் ஆட்டம் தொடங்கியிருந்தது. தங்கச்சியின் மகன் திண்ணையில் போனைத் தூணோடு சாய்த்து வைத்து, எனக்கும் பாயில் இடம் விட்டிருந்தான். சேப்பாக்கத்தில் எங்கள் சென்னை, மும்பையை 4 விக்கெட்டால் வென்றது. 20 வயது நூர் அகமட் 18 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். ருதுராஜ் 26 பந்தில் 53.

என் மனதில் தங்கியதோ மும்பையின் விக்னேஷ் புத்தூர். மலப்புறத்து ஓட்டோச் சாரதியின் மகன். கேரள மாநில அணிக்குக்கூட ஆடாத 24 வயதுப் பொடியன். முதல் ஆட்டத்திலேயே ருதுராஜ், டூபே, ஹூடா மூவரையும் வீழ்த்தினான். மும்பை தோற்றாலும் ஒரு ஆளைக் கண்டெடுத்துவிட்டது. நாங்கள் வென்றோம். ஆனால் அடுத்த ஐந்து வருடத்துக்கு எங்கள் துடுப்பாட்டத்தைத் தாங்கப்போவது யார்?

28 மார்ச், வெள்ளி

பெங்களூரிடம் 50 ஓட்டத்தால் தோல்வி. 2008க்குப் பிறகு அவர்கள் சேப்பாக்கத்தில் வென்றது இதுதான் முதல் தடவை. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கிறார்கள்.

"ஏன் மாமா தோனி இவ்வளவு பிந்தி வாறார்?" என்று மருமகன் கேட்டான். ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தார். 43 வயதில் முழங்காலையும் பார்க்க வேண்டுமே என்றேன். அவருக்கு முன்னால் இறங்குகிறவர்கள் ஆட்டத்தை முடித்துவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. குறை அவரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் ஆளை வளர்க்காததில்தான்.

30 மார்ச், ஞாயிறு

குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ஓட்டத்தால் போனது. இன்று எங்கள் இலங்கைப் பொடியன்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். மஞ்சளில் பத்திரன, எதிரில் ஹசரங்கவும் தீக்ஷனவும். தீக்ஷன போன வருடம்வரை எங்கள் ஆள். ஹசரங்க 4 விக்கெட் எடுத்து எங்கள் நடுவரிசையை உடைத்தார். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று இரண்டு மனமாய் இருந்தேன். பத்திரன கண்டியில் படித்த பொடியன், இப்போது 22 வயது. மெல்லிய உடம்பு, தோளுக்குக் கீழிருந்து சுழன்று வரும் கை. அவரைச் சிறுவயதிலேயே நம்பி எடுத்து வளர்த்தது இதே சென்னைதான். பந்துவீச்சில் செய்யத் தெரிந்ததைத் துடுப்பாட்டத்தில் ஏன் செய்யவில்லை?

5 ஏப்ரல், சனி

டெல்லியிடம் 25 ஓட்டத்தால் தோல்வி. ராகுல் 77. நாங்கள் 184ஐத் துரத்தினோம், இல்லை, துரத்துவதுபோல் நடந்தோம். விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30. இருவரும் ஆட்டமிழக்கவில்லை, ஆட்டத்தைத்தான் இழந்தோம். முப்பதைத் தாண்டியவர்களை வைத்தே 2018இல் கிண்ணம் தூக்கினோம். அந்த வெற்றியின் நிழலில் அதிக நாள் படுத்துவிட்டோம் என்று படுகிறது.

பின்னேரம் எங்கள் ஊர்க் கழகத்துப் பொடியன்களின் பயிற்சியைப் பார்த்தேன். புத்தாண்டு மென்பந்துப் போட்டிக்கு இன்னும் பத்து நாள். மருமகன் பலகைபோல நேராக மட்டையைப் பிடித்து ஆடுகிறான். இடது முழங்கை உயர்ந்து நிற்கிறது, தலை பந்துக்கு மேலே. மூத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மென்பந்துக்குச் சுழற்றி அடிக்கிறவன்தான் வேண்டுமாம்.

8 ஏப்ரல், செவ்வாய்

பஞ்சாப்பின் பிரியான்ஷ் ஆர்யா 39 பந்தில் சதம். இதுதான் அவருக்கு முதல் ஐபிஎல். நாங்கள் பிடிகளை நழுவவிட்டோம், 18 ஓட்டத்தால் தோற்றோம். விக்னேஷ், இப்போது பிரியான்ஷ். ஊர் அறியாத பொடியன்களெல்லாம் எங்களுக்கு எதிராகத்தான் பேர் எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஷேக் ரஷீத் 2023இலிருந்து காத்திருக்கிறார். 18 வயதுத் தமிழ்ப் பிள்ளை ஆண்ட்ரே சித்தார்த்தும் வெளியே இருக்கிறார். ஒரு ஆட்டம் கொடுத்துப் பார்த்தால் என்ன?

11 ஏப்ரல், வெள்ளி

முழங்கை முறிவால் ருதுராஜ் இந்த முறை இனி ஆடமாட்டார். தோனி மீண்டும் தலைவர். சேப்பாக்கத்தில் 103 ஓட்டம், 9 விக்கெட். அந்தத் திடலில் நாங்கள் எடுத்த ஆகக் குறைந்த ஓட்டம். கொல்கத்தா 59 பந்து மிச்சமிருக்க முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்து தோல்வி இதற்குமுன் எங்களுக்கு வந்ததில்லை.

நித்திரை வரவில்லை. லாம்பை ஏற்றி வைத்துக்கொண்டு வலை பொத்தினேன். நண்டு கடித்த இடத்தில் பழைய நூல் விரல் பட்டாலே பிரிகிறது. அதிலேயே முடிச்சுப் போட்டால் நிற்காது. உக்கிய கண்ணை வெட்டியெறிந்து, நல்ல நூல் தொடங்கும் இடத்திலிருந்து புது நூலைப் பிடிக்க வேண்டும். ஓட்டை முதலில் பெரிதாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்தால் வலை தேறாது.

13 ஏப்ரல், ஞாயிறு

கழகத்தில் அணி தெரிவு. பதினொரு வருடமாக முதலாவதாக இறங்குகிறவன் நான். பெயர்கள் எழுதும்போது என் இடத்தில் மருமகனை எழுதச் சொன்னேன். சத்தம் எழும்பியது. "மச்சான், இறுதியாட்டம் வந்தா பொடியன் தாங்குவானா?" என்றார்கள். தாங்குவானா என்று இறக்கிவிட்டால்தானே தெரியும். சென்னையைக் குறை சொல்லிக்கொண்டு இங்கே நான் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும்வரை என் சைக்கிளின் பின்னால் மட்டையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி இருந்தான்.

14 ஏப்ரல், திங்கள்

மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கிப் படைத்து, பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுத்தேன். இரவு லக்னோவில் ஆட்டம். அணியைப் பார்த்ததும் எழும்பி நின்றுவிட்டேன். ஷேக் ரஷீத்! குண்டூர்ப் பொடியன், 20 வயது, 2022இல் உலகக் கிண்ணம் வென்ற இந்திய இளையோர் அணியின் உபதலைவர். 19 பந்தில் 27. ரச்சினோடு சேர்ந்து ஐந்து ஓவருக்குள் 52. நேரான மட்டை, ஒரு சுழற்றலும் இல்லை. மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கடைசியில் டூபே 43, தோனி 11 பந்தில் 26. வென்றோம். இளையவன் தொடக்கிக் கொடுக்க, மூத்தவர் முடித்துவைத்தார். நான் கேட்டது இவ்வளவுதான்.

15 ஏப்ரல், செவ்வாய்

மருமகன் 14 ஓட்டம். மூன்று பவுண்டரி, மூன்றும் நிலத்தோடு போனவை. பிறகு அவசரப்பட்டு உயர அடித்துப் பிடி கொடுத்தான். 8 ஓட்டத்தால் தோற்றோம். நான் ஆடியிருந்தால் வென்றிருக்கலாம் என்று இரண்டு பேர் என் காது கேட்கச் சொன்னார்கள். இருக்கலாம். அடுத்த போட்டியிலும் அவன்தான் இறங்குவான் என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

வான்கடேயில் 17 வயது ஆயுஷ் மாத்ரேயை இறக்கினார்கள். ருதுராஜின் இடத்துக்கு வந்த பிள்ளை. சென்னைக்காக இவ்வளவு இளைய வயதில் எவரும் ஆடியதில்லை. 15 பந்தில் 32, நான்கு பவுண்டரி, இரண்டு சிக்ஸர். பயம் என்ற ஒன்று அந்த மட்டையில் இல்லை. நாங்கள் 176. ரோஹித்தும் சூர்யகுமாரும் ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து அதை முடித்துவிட்டார்கள். எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி, பட்டியலில் கடைசி.

இந்த வருடம் கிண்ணம் இல்லை என்பதை இன்று மனதார ஏற்றுக்கொண்டேன். ஐந்து கிண்ணம் தந்த அணியிடம் ஒரு வருடப் பொறுமையையாவது நான் காட்ட வேண்டும். ரஷீத் தொடர்ந்து தோற்றாலும், மாத்ரே பூச்சியத்தில் போனாலும் வெளியே உட்கார வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுதல்.

மருமகன் போனை அணைத்துவிட்டுச் சொன்னான்: "அவருக்கு 17 வயசாம் மாமா. எனக்கு 15." விடிய ஆறு மணிக்குக் களப்புக்கு வரச் சொன்னேன். வலையை இழுத்து முடித்த பிறகு, பாலத்தடி மணலில் அவனுக்கு நான் நூறு பந்து போடப்போகிறேன். உயர அடிக்கும் பந்தை எப்போது விடுவது என்பதை அவன் பழக வேண்டும்.