கோமாளிகளோடு சிரிக்கையில்

2019 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ என்னும் நகைச்சுவைச் சமையல் போட்டியை, கோவளத்துக் கடற்காற்று ஜன்னலை அசைக்கும் வார இறுதி இரவுகளில் மகளோடு அமர்ந்து பார்ப்பது எனக்குப் பரமானந்தம். தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவரென்ற கௌரவத்தை ஒதுக்கிவைத்துக் குழந்தைகளாய்க் களித்ததும், திரையுலகம் வெகுகாலம் ஒரே வேஷத்தில் அடைத்துவைத்திருந்த நடிகை ஷகீலாவை இரண்டாம் சீசனில் கோமாளிகள் வாஞ்சையோடு ‘அம்மா’ என்றழைத்ததும் சாமானிய விஷயங்களல்ல.

ஆயினும், பெண் போட்டியாளரைக் கண்டதும் ஆண் கோமாளி காதல் வசனம் பேசி வழிவதும், அவர் முகம் சுளிக்காமல் சிரித்தாக வேண்டியிருப்பதும், ஆண் சேலை கட்டி வந்தாலே அதை ஹாஸ்யமென்று கொள்வதும் என் நெஞ்சை உறுத்துகின்றன. பெண் கோமாளிகளான சிவாங்கியும் மணிமேகலையும் தங்கள் குறும்பினாலேயே அந்தச் சமையற்கூடத்தைச் சிரிப்பால் நிறைத்திருக்க, இந்தப் பழைய சரக்கு எதற்கு? அத்தகைய கட்டங்களில் என் மகள் சிரிப்பதில்லை. ஏனென்று அவளோடு பேசிக்கொண்டே தொடர்ந்து பார்க்கிறேன்.