சாமியார் வந்துவிட்டாரே!

வெள்ளை அங்கியுடன் நாம் நோயாளர் கூடத்தினுள் காலடி எடுத்து வைத்தவுடன் பேச்சொலி அடங்கிவிடும். விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிடும். வாயிலோரக் கட்டிலருகே இருக்கும் மூதாட்டி, தம் மகனின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "சாமியார் வந்துவிட்டாரே! யாருக்கு முடிந்துபோயிற்றோ?" என்று அடுத்த கட்டிலாரிடம் கிசுகிசுப்பார். 1978இல் மாவட்டத் தலைநகர் ஒன்றின் மருத்துவமனைக்கு ஆன்ம குருவாக நாம் அனுப்பப்பட்டபோது நமக்குக் கிடைத்த வரவேற்புரை இதுவே. 14 ஆண்டுகள் அப்பணியில் இருந்தோம். மருத்துவர் ஊசியுடன் வந்தால் பிழைப்போம், குருவானவர் எண்ணெய்ச் சிமிழுடன் வந்தால் பிழைக்கமாட்டோம் என்று நம் குடும்பங்கள் கொண்டிருந்த எண்ணத்தோடு அத்தனை ஆண்டுகளும் மல்லுக்கட்டினோம், பலமுறை தோற்றோம்.

இவ்வச்சத்திற்காக மக்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. "அவஸ்தைப் பூசுதல்" என்றன்றோ அதற்குப் பெயர் வைத்திருந்தோம்! ஒரு வீட்டில் "அவஸ்தை கொடுத்தாயிற்று" என்றால், பெட்டிக்கு அளவெடுக்கத் தச்சரை அழைக்கலாம் என்பதே ஊரார் கொண்ட பொருள். யாகப்பர் தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் பேசுவது நோயுற்றவரைப் பற்றி. சாகக் கிடப்பவரைப் பற்றி மட்டுமன்று. நோயாளி தாமே சபையின் மூப்பர்களை அழைப்பதாகத்தான் அவர் எழுதுகிறார். அழைக்க வேண்டுமானால் வாயில் பேச்சும் மனத்தில் தெளிவும் இருக்க வேண்டுமல்லவா? 1963இல் 2ஆம் வத்திக்கான் சங்கம் "நோயிற்பூசுதல்" என்ற பெயரே மிகப் பொருத்தமானது என்று கூறி, இது உயிர் பிரியும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று எனத் தெளிவுபடுத்திற்று. 1972 நவம்பர் 30ஆம் நாள் திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் சடங்கையே புதுப்பித்தார். முன்னர்க் கண், செவி, நாசி, வாய், கை, கால் என்று பூசியது மாறி, நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும் என்றாயிற்று. கடும் நோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொள்ளுமுன் பெறலாம். முதுமையால் மிகவும் தளர்ந்தோர் பெறலாம். குணமடைந்து மீண்டும் நோயில் விழுந்தால் மீண்டும் பெறலாம். இவையெல்லாம் ஏட்டில் வந்து 6 ஆண்டுகள் கழிந்தும், நம் கட்டிலோரங்களில் பழைய பெயரும் பழைய நடுக்கமுமே ஆண்டுகொண்டிருந்தன.

நாம் பணியேற்ற ஆண்டின் மழைக்காலத்தில் ஓரிரவு 2 மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய் ஒருவர். மூன்று வாரங்களாக அம்மருத்துவமனையிலேயே கிடந்தவர். நாள்தோறும் அவ்வழியே நாம் நடந்தும், "அம்மா பயந்துவிடுவார்கள், சாமி" என்று மகள்மார் நம்மை வாயிலிலேயே நிறுத்தி, பணிவோடு திருப்பி அனுப்பிவந்தனர். அன்றிரவு நாம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. நினைவிழந்தோர்க்கும் கேட்கும் புலன் இருக்கக்கூடும் என்பர் மருத்துவர்; ஆதலால் செவியருகே குனிந்து செபங்களைச் சொல்லிப் பூசினோம். நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்று கருதத்தக்கவருக்குத் திருச்சபை இந்த அருட்சாதனத்தை மறுப்பதில்லை. மகள்மார் ஆறுதலடைந்தனர். நாம் வெளியே வருகையில் இரவுப்பணிச் செவிலியர் தாழ்வாரம்வரை பின்தொடர்ந்து வந்தார்.

"மூன்று இரவாகச் சாமியாரைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள், சாமி. ஏதோ சொல்ல வேண்டுமாம். வீட்டாரிடம் சொன்னேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்."

அந்த ஏதோ ஒன்று இன்னதென்று இன்றுவரை எவரும் அறியார்.

இப்படியெல்லாம் பட்டறிந்த நாமே, பின்னர் அதே பிழையைச் செய்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதி உண்மையாகிவிடும். 1981இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வயிற்றில் புற்றுநோயுடன் சேர்க்கப்பட்டார். நோய் இன்னதென்று அவருக்குச் சொல்லப்படவில்லை. "குடற்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் செபம் அது இதென்று தொடங்கினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார்" என்று மூத்த மகன் நம் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார். அவர் கண்ணீரைக் கண்டு இசைந்தோம். 11 நாள்கள்! பக்கத்துக் கட்டில்களில் செபம் சொல்லி, நற்கருணை வழங்கி, அவர் கட்டிலுக்கு வந்ததும் மழையைப் பற்றியும், ஊரில் நடவு முடிந்ததா என்பது பற்றியும் பேசிவிட்டு நகர்ந்தோம். அன்பு என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டோம்.

12ஆம் நாள் பிற்பகல், பிள்ளைகள் உணவுக்குச் சென்றிருந்த வேளையில், அவர் கைகாட்டி அழைத்தார்.

"உட்காருங்கள், சாமி. எல்லாரிடமும் ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறீர்கள்; என்னிடம் மட்டும் மழையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதிலிருந்தே என் நோய் என்னவென்று ஒருவனுக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தோம். அதற்குமுன் நாம் கட்டிலருகே உட்கார்ந்ததே அரிது. நின்றபடியே சிலுவை வரைந்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவோம். நின்றுகொண்டு பேசுபவர் படுத்திருப்பவர் கண்ணுக்கு எவ்வளவு உயரமாக, எவ்வளவு அவசரமாகத் தோன்றுவார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் நாமே குடலிறக்க அறுவைக்காகப் படுத்திருந்தபோதுதான் முழுமையாக உணர்ந்தோம். நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லுஸ் ஆறாத புண்ணைத் தம் காலில் சுமந்துகொண்டே உரோமை மருத்துவமனையில் பிறர்க்குப் பணிசெய்தவர். அவருக்கு இதை எவரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் அன்று சொன்னது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று. பிள்ளைகள் முன்னிலையில் மீண்டும் அவரே சொன்னதுமாகும். ஆகவே எழுதுகிறோம். தாய் விட்டுச் சென்ற நிலத்தைப் பங்கிட்டபோது பத்திரத்தை எழுதியவர் இவர். தமக்கை படிக்கத் தெரியாதவர். தம்பியை நம்பிக் கைநாட்டு வைத்தார். கிணற்றடி நிலம் தம்பி பெயருக்குப் போயிற்று. பிறகு யாரோ படித்துச் சொல்ல, தமக்கை இவர் வீட்டுப் படியேறவில்லை, 19 ஆண்டுகள்.

"எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், சாமி! அக்காவுக்கு மட்டும் எழுத்தை வைத்தே..." என்று நிறுத்திக்கொண்டார்.

மாலையில் பிள்ளைகளிடம் தந்தை உங்களோடு பேச விரும்புகிறார் என்று மட்டும் சொன்னோம். மூத்தவருக்கு நம்மேல் கோபம் வந்தது. வாக்குத் தவறிவிட்டதாக எண்ணினார். பிறகு தந்தையே அவரை அருகழைத்துப் பேசினார். கிணற்றடி நிலம் அத்தைக்குப் போக வேண்டும் என்றபோது, இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்நிலத்தில்தான் அவர் அவ்வாண்டு வாழை வைத்திருந்தார்.

மறுநாள் தமக்கையார் வந்தார். 70 வயதைக் கடந்தவர். பேருந்தில் ஒரு பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மன்னிப்பு, நிலம், பத்திரம் எதைப் பற்றியும் அவ்விருவரும் நம் செவிபடப் பேசவில்லை. "நகமெல்லாம் இப்படி வளர்ந்து கிடக்கிறதே, ஒருவரும் பார்க்கவில்லையா?" என்று மருமக்களைக் கடிந்துவிட்டு, செவிலியரிடம் பிளேடு ஒன்று வாங்கி, தம்பியின் விரல் ஒவ்வொன்றாகப் பிடித்து நகம் வெட்டினார். அந்தக் கைகளில்தான் அன்று மாலை நாம் எண்ணெய் பூசினோம். செபத்தில் ஒரு சொல்லை நாம் அவசரத்தில் விழுங்கிவிட, ஆசிரியர் கண்ணைத் திறந்து அதைத் திருத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தே விட்டார்கள். அதன்பின் 9 நாள்கள் இருந்தார். தமக்கை ஊர் திரும்பவில்லை.

1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, உலக நோயாளர் நாள் கொண்டாடப்படுகிறது. பங்குக் கோவிலில் முதியோரும் நோயுற்றோரும் வரிசையாக அமர்ந்து பூசுதல் பெற்று, திருப்பலி முடிந்து தம் காலாலேயே வீடு திரும்புவதைக் காணும் சிறுவர்களுக்குப் பழைய அச்சம் சற்றுக் குறைந்திருக்கும். ஆயினும் மருத்துவமனைக் கட்டிலில் தம் வீட்டார் படுத்துவிட்டால் அவ்வச்சம் எங்கிருந்தோ மீண்டு வருகிறது. சென்ற ஆண்டும் ஒரு வீட்டார் நம்மை வாயிலில் நிறுத்தினர். நோயாளியைச் சேர்க்கும் நாளிலேயே பங்குத்தந்தைக்குப் பெயரையும் கட்டில் எண்ணையும் சொல்லி அனுப்புங்கள். அழைக்கட்டுமா என்று நோயாளியிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதிப்போம்.

ஆசிரியரின் அடக்கம் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மூத்த மகன் மருத்துவமனைக்கு வந்தார். நிலத்தை அத்தை பெயருக்குப் பதிவு செய்துவிட்டதாகவும், வாழை தார் தள்ளும்வரை தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்று அத்தை சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார்.

"அப்பாவுக்கு எப்போது தெரிந்தது, சாமி?"

"சேர்த்த அன்றைக்கே தெரியுமாம், தம்பி."

"அப்படியானால் அந்தப் பன்னிரண்டு நாளும் எங்களுக்காகத்தான் நடித்தாரா?"

நாம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, அவர் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.