புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் துப்பறியும் நாவலொன்றை நாங்கள் இருவர் மொழிபெயர்த்தோம். இருவரும் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். துப்பாக்கியைத் தொட்டும் பார்த்ததில்லை.

கதையின் முடிச்சு தோட்டாவில் இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனிடம் இருந்தது .38 ஸ்பெஷல் ரிவால்வர். கொலையாளி உதறிவிட்டுப் போனவை .357 மேக்னம் தோட்டாக்கூடுகள். ஆகவே சுட்டவன் இவனல்லன் என்று முடித்திருந்தார் ஆசிரியர். எங்களுக்கு அது பிழையாகப் பட்டது. .357 சிறிது, .38 பெரிது, சிறியது பெரியதற்குள் நுழையாதா? அப்பத்தியை நீக்கி, 'சாட்சியம் போதவில்லை' என்றொரு வரியைச் சேர்த்து அவனை விடுவித்தோம்.

நூல் வந்தபின், காவல்துறை ஆயுதக் கிடங்கில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். "ஐயா, நிரபராதியைச் சந்தேகத்தின் பலனில் வெளியே விட்டுவிட்டீர்களே" என்றார். பிறகு ஒரு தாளில் வரைந்து விளக்கினார்.

இரண்டு குண்டுகளின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றே, அங்குலத்தில்.357. பழைய காலத்தில் குண்டும் கூடும் ஒரே பருமனாக இருந்தன; .38 என்பது அந்தப் பருமன். பின்னர் குண்டு கூட்டுக்குள் அடங்கிச் சிறுத்தது. பெயர் மட்டும் சிறுக்கவில்லை. 1930களில் மேக்னம் பிறந்தபோது அதன் கூட்டை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டினார்கள். அது எரியும்போது எழும் அழுத்தம் .38 ஸ்பெஷலைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. பழைய ரிவால்வரின் அறைக்குள் அது முழுதாக நுழைந்துவிடக் கூடாது என்பதற்கே அந்த நீளம். .38 ஸ்பெஷல் தோட்டாவை .357 ரிவால்வரில் இட்டுச் சுடலாம். மாற்றிச் செய்ய இயலாது.

காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்கள் நாங்கள். காரணப்பெயராகப் பிறந்து, காரணம் தொலைந்து, இடுகுறியாய் நின்றுவிட்ட பெயர் .38 என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. எண் என்றால் அளவு என்றே நம்பிவிட்டோம்.

வந்தவர் இன்னொன்றும் சொன்னார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைக் குடித்த பெரெட்டா 9 மில்லிமீட்டர் வகை. நம் இராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய பிரௌனிங் கைத்துப்பாக்கியும் 9 மில்லிமீட்டர்தான். ஆனால் முன்னதன் தோட்டாக்கூடு 17 மில்லிமீட்டர் நீளம், பின்னது 19. பெயர் ஒன்றாயினும் ஒன்றுக்குரிய தோட்டா மற்றதற்கு ஆகாது.

இரண்டாம் பதிப்பில் அந்தப் பத்தியை மீட்டுச் சேர்த்தோம். முதற்பதிப்பின் படிகளோ நூலகங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் படிப்பவருக்கு அவன் தப்பித்தவன், குற்றமற்றவன் அல்லன். புரியாத இடத்தில் மூலத்தைத் திருத்துவதற்கு முன் ஒருவரிடம் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை.