பாரிஸ் ஊசலும் பெங்களூரு நேரமும்

பாரிஸில் நேரம் தவறாமல் ஓடிய ஊசல் கடிகாரத்தைப் பெங்களூரில் கொண்டுவந்து வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் பிந்தும். பழுது கடிகாரத்தில் இல்லை. பூமத்திய ரேகையை நெருங்கினாலும் கடல்மட்டத்திலிருந்து உயர்ந்தாலும் புவியீர்ப்பு குறைகிறது. அது குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பாரிஸ் 49 பாகையை ஒட்டிய சமவெளி. பெங்களூரு 13 பாகையில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம்.

ஊசலால் கடிகாரத்தை நடத்திக் காட்டியவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஆண்டு 1656. பத்தாண்டுகளுக்குப் பின் அவர் பாரிஸுக்குக் குடியேறினார். அங்கே அவருக்குக் கடிகாரம் செய்து கொடுத்தவர் ஐசக் துரே. அக்காலப் பாரிஸ் கடிகாரங்கள் ஆடம்பரமற்ற கருமரப் பெட்டிகளில் அமைந்தன. கன்னியாஸ்திரீயின் உடையை நினைவூட்டியதால் 'ரெலிஜியூஸ்' எனப் பெயர் பெற்றன. விரைவிலேயே ஆமையோடும் பித்தளையும் இழைத்த ஆந்த்ரே ஷார்ல் பூலின் வேலைப்பாடு பெட்டிகளை ஆட்கொண்டது. அடுத்த நூற்றாண்டில் ஜூலியன் லெ ருவாவும் அவர் மகன் பியேரும் பாரிஸ் கடிகாரத் தொழிலின் பெருமையை உயர்த்தினர்.

ஊசலின் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதை முதலில் கண்டவரும் பிரெஞ்சுக்காரரே. 1672-ல் தென் அமெரிக்காவின் கயேன் சென்ற ஜான் ரிஷேர், பாரிஸில் அளந்த விநாடி ஊசலைச் சற்றே குறுக்க வேண்டியிருந்தது. பூமி துருவங்களில் தட்டையானது என்ற தம் கணக்குக்கு நியூட்டன் இதையும் சான்றாகக் கொண்டார்.

மைசூர் நாட்டுக்கும் கடிகாரக் கலையின் மேல் ஆசை இருந்தது. பெங்களூரில் கோடை அரண்மனையைக் கட்டி முடித்த திப்பு சுல்தானின் தூதர்கள் 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் 16-ஆம் லூயியைக் கண்டனர். திப்பு கேட்டனுப்பிய கைவினைஞர்களில் கடிகாரத் தொழிலாளரும் அடக்கம். பின்னாளில், புவியீர்ப்பை அளக்க இந்திய நில அளவைத் துறை 1860-களில் தொடங்கிய ஊசல் சோதனைகளில் பெங்களூரும் ஓர் அளவை நிலையம். பொறுப்பாளர் கேப்டன் பசேவி.

பழைய பிரெஞ்சுக் கடிகாரங்களில் ஊசல் பட்டுநூலில் தொங்கும். நூலைச் சுருட்டினால் ஊசல் குறுகி வேகம் கூடும். 19-ஆம் நூற்றாண்டில் வந்த புரோக்கோ அமைப்பில், முகப்பில் 12-க்கு மேலுள்ள சிறு துளையில் சாவியிட்டுத் திருகினால் போதும். பெங்களூருக்கு வந்த பாரிஸ் கடிகாரத்துக்குத் தேவையான திருத்தம் மிகச் சிறிது: ஊசலின் நீளத்தில் 1 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும்.