ஆனைக்குட்டம்: கரிசல் காய்ந்தால் ஸ்பீக்கர் முனகும்!

விருதுநகர் - சிவகாசி வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரிசல் காடும் சீமைக் கருவேலமும்தான். நடுநடுவே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள் தெரியும். அவை பட்டாசு ஆலைகள். இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது ஆனைக்குட்டம்.

குட்டம் என்றால் ஆழமான நீர்நிலை. யானை இறங்கிக் குளிக்கிற அளவு தண்ணீர் என்று பெயர் சொல்கிறது. ஆனால், ஊரை ஒட்டி ஓடும் அர்ச்சுனா நதி வருடத்தில் பல மாதங்கள் மணலும் முள்ளுமாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் ஆற்றின் குறுக்கே உள்ள ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிற்கும். விருதுநகர் நகரத்தின் குடிநீருக்கும் இந்த அணை ஓர் ஆதாரம்.

மழை போய்ப் பங்குனி வெயில் ஏறும்போது கரிசல் மண் வாய் பிளக்கத் தொடங்கும். அதே நேரத்தில் ஊர்களில் பொங்கல் சாட்டுவார்கள். தெருவில் மைக் செட், வீட்டுக்குள் ஹோம் தியேட்டர் என எங்கும் பாட்டுதான். அப்போதுதான் பல வீடுகளில் ஒரு புகார் எழும். “செட்டுல பாட்டு நிறுத்தினாலும் ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு!”

முனகல் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலை ஆம்ப்ளிஃபயருக்குள் கசிந்தால் ஸ்பீக்கரில் முனகலாகக் கேட்கும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க முதலில் டி.வி., செட்டாப் பாக்ஸ், போன் ஆகியவற்றிலிருந்து வரும் ஆடியோ ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றைக் கழற்றியதும் சத்தம் நின்றால் கோளாறு அந்த வழியில் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்த பிறகும் சத்தம் வந்தால் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே சிக்கல். பெரும்பாலும் பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். விருதுநகர் வெயிலில், காற்றோட்டமில்லாத ஷோகேஸுக்குள் வைத்த செட்டுக்கு இது சீக்கிரமே வரும்.

ஒயரைக் கழற்றினால் நிற்கும் முனகலுக்கு முக்கியமான காரணம் எர்த். டி.வி. ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரில், மாடியிலிருந்து டிஷ் கேபிள் என்று ஆளுக்கொரு வழியில் எர்த்தோடு தொடர்பு இருந்தால் அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் ஆடியோ ஒயர் வழியாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் சத்தம் குறைந்துவிடும்.

அப்படியும் குறையவில்லையா? செட்டின் இரும்பு உடம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறதா? அப்படியானால் பார்க்க வேண்டிய இடம் கொல்லைப்புறம்.

கரிசல் செய்கிற வேலை

வீட்டு எர்த் என்பது மண்ணுக்குள் இறக்கிய ஒரு குழாய். அதைச் சுற்றிக் கரியும் உப்பும் கொட்டியிருப்பார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் அதில் எளிதாக இறங்கும். கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். சுருங்கும்போது விரிசல் விடும். குழாயை விட்டு விலகியும் நிற்கும். மழைக்காலத்தில் ஒழுங்காக வேலை செய்த எர்த், சித்திரையில் பெயருக்குத்தான் இருக்கும்.

அதனால்தான் கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. குழாயில் ஒயர் முறுக்கிய இடம் துருப்பிடித்திருந்தால் தண்ணீர் மட்டும் போதாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

ஆனால், பலர் செய்வது வேறு. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னை உடைத்துவிடுவார்கள், அல்லது உள்ளே எர்த் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். முனகல் நிற்கும், பாட்டும் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒருநாள் உள்ளே ஒயர் உரசி இரும்புப் பெட்டியில் மின்சாரம் ஏறினால், அது மண்ணுக்குப் போக வேறு பாதை இருக்காது. ஈரக்கையோடு தொடுகிறவரின் உடம்புதான் பாதை.

ஆலையில் தெரிந்தது, வீட்டில் மறந்தது

இந்த விஷயத்தில் ஆனைக்குட்டம் வட்டாரத்து மக்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மருந்து அறைக்குள் நைலான், பாலியஸ்டர் துணி கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பது பட்டாசு ஆலையில் பாலபாடம். துணி உரசி உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஒரு சிறு பொறியாகத் தெறித்தாலே போதும். அதனால், எர்த் செய்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பு மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டு உள்ளே போவதும் பாதுகாப்பு முறைகளில் ஒன்று. மின்னலை மண்ணுக்கு இறக்க இடிதாங்கியும் உண்டு. அந்தப் பொறிக்கு என்ன விலை என்று இந்த மண் பலமுறை பார்த்துவிட்டது.

பகலெல்லாம் எர்த்தை நம்பி வேலை பார்க்கிறவர்களின் வீட்டிலும், மாலையில் பாட்டுக்காக அதே எர்த் கழற்றப்படலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது. ஸ்பீக்கர் வாங்கும் காசில் ஒரு பகுதியை இதற்கும் ஒதுக்கலாம்.

மற்ற கோளாறுகள்

ஒரு பக்கம் மட்டும் சத்தம் இல்லையா? செட்டை அணைத்துவிட்டு, பின்பக்கம் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். ஊமையான ஸ்பீக்கர் பேசி, மற்றது ஊமையானால் கோளாறு செட்டிலோ அதற்கு வரும் ஆடியோ ஒயரிலோ. அதே ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால் அதன் ஒயரில் அல்லது ஸ்பீக்கரில்.

வால்யூம் திருகும்போது ‘கரகர’ என்றால் கன்ட்ரோலுக்குள் தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்துப் பதினைந்து முறை திருகினால் சரியாகும்.

பாட்டு கேட்கிறது, பேஸ் மட்டும் இல்லையென்றால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கலாம். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, அதிர்வு அடிபட்டுப் போகும். செட்டிலிருந்து கழற்றிய வூஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் தெரிந்துவிடும். பிளஸ் சிவப்பில் பட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்ளிஃபயர் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் வேலை மெக்கானிக்குக்குத்தான்.

போகிறவர்களுக்கு...

ஆனைக்குட்டம் அணையைத் தண்ணீரோடு பார்க்க மழைக்குப் பிந்தைய மார்கழி, தை ஏற்ற காலம். விருதுநகர் வழியாகப் போகிறவர்கள் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தவற விட வேண்டாம். சிவகாசி பக்கம் இறங்கினால் நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்றான திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவிக்கலாம். அர்ச்சுனா நதி வைப்பாற்றைச் சந்திக்கும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் காத்திருக்கிறாள்.

ஊர் திரும்பியதும், கோடை என்றால், கொல்லைப்புற எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர். மெயினை அணைத்துவிட்டுத்தான்!